அடிவயிற்றுத் தோல் அகற்றும் அறுவைக்குப் பின் தையலின் நடுப்பகுதி கறுத்துத் திறந்துவிட்டது; ஏன் மறுபடி தைக்க மறுக்கிறார்கள்?

கேள்வி: உசிலம்பட்டி வாசகி

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 43. உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் மளிகைக் கடை நடத்துகிறேன். இரண்டு பிள்ளைகளும் சிசேரியன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு 88 கிலோ வரை ஏறிய எடையை மூன்று ஆண்டுகள் நடந்தும் சாப்பாட்டைக் குறைத்தும் 66 கிலோவுக்குக் கொண்டு வந்தேன். எடை இறங்கியதே தவிர அடிவயிற்றுத் தோல் சுருங்கவில்லை. அது மடிப்பாகத் தொங்கியது. வெயில் காலம் முழுவதும் அதன் அடியில் வியர்வை தேங்கிப் புண்ணாகும். கடையில் உட்கார்ந்து எழும்போதெல்லாம் உரசி எரியும். களிம்பு தடவியே நான்கு கோடைகளைக் கழித்த பிறகுதான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அந்தத் தோலை அகற்றும் அறுவையைச் செய்துகொண்டேன். இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை கீறி, தொங்கிய தோலை வெட்டி எடுத்து, விலகிக் கிடந்த வயிற்றுத் தசையை இழுத்துத் தைத்து, தொப்புளைப் புது இடத்தில் வைத்திருக்கிறார்கள். இன்றோடு 19 நாட்கள்.

ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது, தொப்புளுக்கு நேர் கீழே தையலை ஒட்டிய தோல் கட்டைவிரல் நகத்தளவு ஊதாவாக இருந்தது. பத்தாம் நாளுக்குள் அது கறுத்து, காய்ந்த செருப்புத்தோல் போல ஆகிவிட்டது. பதினான்காம் நாள் இரவு இருமியபோது ஈரமாக உணர்ந்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வயிற்றுப் பெல்ட் இளஞ்சிவப்பு நீரில் நனைந்திருந்தது, அந்த இடத்தில் தையல் விட்டுப்போயிருந்தது. மறுநாள் காட்டியபோது மருத்துவர் கறுத்த தோலைக் கத்தரித்து எடுத்தார். வலிக்கவே இல்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. இப்போது திறப்பு 5 சென்டிமீட்டர் நீளமும் இரண்டு விரல் அகலமும் இருக்கிறது. உள்ளே மஞ்சளாக ஒரு படலம் தெரிகிறது. காய்ச்சல் இல்லை. சுகர் இல்லை என்று அறுவைக்கு முன்பே சோதித்துச் சொன்னார்கள்.

தைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "இப்போது தைக்கக் கூடாது, தானாக ஆறும், தினமும் கட்டு மாற்றுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். ஏன் தைக்கக் கூடாது, எத்தனை நாளில் ஆறும், பலமாகத் தும்மினால் குடல் வெளியே வந்துவிடுமா என்று கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. இரவு தும்மல் வந்தால் வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

வீட்டில் என் மாமியார் அன்பாகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஆனால் பருப்பு, முட்டை, மீன் எது சாப்பிட்டாலும் புண் சீழ் பிடிக்கும் என்று சொல்லி, ரசம் சோறும் இட்லியும் மட்டுமே தருகிறார். தொப்புளுக்குக் கீழே தோல் மரத்துக் கிடப்பதால் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுக்கலாம் என்கிறார். அக்கம்பக்கத்தில் "அழகுக்காகப் போய் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வந்தவள்" என்று பேசுகிறார்கள். வாடையடிக்குமோ என்று கடைப்பக்கம் போகவே கூசுகிறது. இதைக் கடந்து வந்தவர்கள், விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

பதில்: வண்டியூர்க்காரி

அக்கா, உங்கள் கேள்வியைப் படித்ததும் மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய என் படுக்கையறைக்கே போய்விட்டேன். எனக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகு இதே அறுவை நடந்தது. எனக்கும் சரியாக அதே இடத்தில், தொப்புளுக்கு நேர் கீழே, பன்னிரண்டாம் நாள் திறந்தது. ஆழம் ஆள்காட்டி விரலின் முதல் கணு அளவுக்கு இருந்தது. அது முழுதாக மூடப் பத்து வாரங்கள் ஆயின. பத்து வாரம் என்றதும் மனம் தளர வேண்டாம். முதல் மூன்று வாரங்கள்தான் நகரவே நகராது, பிறகு வேகம் பிடிக்கும்.

எதைப் பார்த்து நம்பிக்கை கொள்வது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். ஆரம்பத்தில் காஸ் துணியை எடுக்கும்போது வடித்த கஞ்சியின் மேல் படியும் ஆடை போல மஞ்சளாக ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அதை நான் சீழ் என்று நினைத்து அழுதேன். கட்டு மாற்ற வந்த செவிலியர்தான், சீழ் என்றால் நாறும், சுற்றிலும் சிவந்து சூடாக இருக்கும், இது செத்த கொழுப்பும் கசிவும் சேர்ந்த படலம் என்று சொல்லி, ஒவ்வொரு நாளும் ஈரக் காஸால் கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து எடுத்தார். மூன்றாவது வாரம் ஒரு காலையில் அந்த மஞ்சளுக்கு நடுவே மாதுளை முத்து போல நான்கைந்து சிவப்புப் பருக்கள் தெரிந்தன. தொட்டால் பொட்டாக இரத்தம் வந்தது. புதுச் சதை வளர ஆரம்பித்துவிட்டது, அதில் இரத்தக் குழாய் இருப்பதால்தான் கசிகிறது என்றார். அன்றிலிருந்து அந்தச் சிவப்பு பரவிப் பரவி மஞ்சளை விளிம்புக்குத் தள்ளியது. வாரம் ஒருமுறை, ஒரே வெளிச்சத்தில், பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். தினமும் பார்ப்பவருக்கு எதுவும் மாறாதது போலவே இருக்கும். படங்களை வரிசையாக வைத்தால் தெரிந்துவிடும்.

வேறு மருத்துவரிடம் காட்டுவதில் எந்தத் தவறும் இல்லை. நானும் காட்டினேன். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். டிஸ்சார்ஜ் தாளோடு, அறுவையில் என்ன செய்தார்கள் என்று எழுதிய குறிப்பின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தசையை மட்டும் தைத்தார்களா, குடலிறக்கத்துக்கு வலை ஏதும் வைத்தார்களா, கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இரண்டாவது மருத்துவரும் எனக்கு அதே சிகிச்சையைத்தான் சொன்னார். ஆனால் உட்காரவைத்து இருபது நிமிடம் விளக்கினார், அன்றிரவுதான் நான் தூங்கினேன். உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குத் தினமும் பேருந்தில் குலுங்கி வராதீர்கள். உள்ளூரிலேயே ஒரு செவிலியரை ஏற்பாடு செய்து கட்டு மாற்றிக்கொண்டு, அறுவை செய்தவரிடம் வாரம் ஒருமுறை நேரில் காட்டினால் போதுமா என்று கேளுங்கள்.

ஊர் பேசுவதைப் பற்றி ஒன்று. மடிப்புக்கடியில் புண்ணாகி நான்கு கோடை கழித்தது நீங்கள். அந்த எரிச்சல் தெரியாதவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

பதில்: திருநகர் வாசகர்

சுருக்கமாகச் செலவு பற்றி மட்டும் சொல்கிறேன். தோற்றத்துக்கான அறுவை என்று பதிவாகியிருந்தால் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளில் அது பொது விலக்குகளில் வந்துவிடும். அதன் பின்விளைவுக்கான செலவையும் பெரும்பாலும் தர மறுப்பார்கள். என் மனைவியின் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது. கட்டு மாற்றும் செலவு சிறுகச் சிறுகச் சேர்ந்து பெரிதாகிவிடும். முடியாத நிலை வந்தால் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறை இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். தனியாரிடம் அறுவை செய்துகொண்டவர் என்பதால் அங்கே போகத் தயங்க வேண்டியதில்லை.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கோரிப்பாளையம்

அம்மா, நான் 31 ஆண்டுகள் அறுவை வார்டுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புண்ணை நேரில் பார்க்காமல் சிகிச்சை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டில் நடக்க வேண்டியவற்றைச் சொல்லலாம். இந்தப் புண் ஆறுவதில் பாதி வேலை வீட்டில்தான் நடக்கிறது.

முதலில் சாப்பாடு. உங்கள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: பருப்பு சாப்பிட்டால் சீழ் பிடிக்காது. சீழைக் கொண்டு வருவது கிருமி. அந்தக் கிருமியோடு சண்டை போடுவதற்கும் புதுச் சதை கட்டுவதற்கும் உடலுக்குப் புரதம் வேண்டும். திறந்த புண் உள்ளவருக்கு ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை புரதம் தேவை. உங்கள் 66 கிலோவுக்கு அது 80 முதல் 100 கிராம். ரசம் சோறும் இட்லியும் மட்டும் சாப்பிட்டால் அதில் பாதிகூட வராது. ஒரு முட்டையில் 6 கிராம். மீனோ கோழியோ 100 கிராம் சமைத்த கறியில் 20 கிராமுக்கு மேல். இரண்டு டம்ளர் பால், மதியம் கெட்டிப் பருப்பு, சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது வேர்க்கடலை, இரண்டு முட்டை, ஒருவேளை மீன் என்று வைத்தால் கணக்கு நெருங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் இந்த அளவு பொருந்தாது. கூடவே நெல்லிக்காய், கொய்யா. ஹீமோகுளோபின் அளவை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரிய அறுவைக்குப் பின் அது இறங்கியிருப்பது சாதாரணம், இறங்கியிருந்தால் புண் மந்தமாகும். வார்டில் எத்தனையோ பேருக்குப் புண் ஆறாமல் நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன். தலைமாட்டிலிருந்த தூக்குவாளியைத் திறந்தால் வெறும் கஞ்சித் தண்ணீர் இருக்கும். பத்தியம் என்று பாசத்தோடு கொண்டு வந்திருப்பார்கள்.

ஒத்தடம் கூடவே கூடாது. இந்த அறுவையில் தோலுக்குப் போகும் நரம்புகள் அறுபடுவதால் தொப்புளுக்குக் கீழே பல மாதங்களுக்கு உணர்ச்சி இருக்காது. சூடு தெரியாது. ஒரு பெண்ணுக்கு வீட்டில் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டார்கள். நைட்டி ஒட்டிக்கொண்டு வரும்போதுதான் தோல் கொப்பளித்து உரிந்திருப்பதே அவருக்குத் தெரிந்தது. ஏற்கெனவே இரத்த ஓட்டம் குறைந்த தோல் அது. சூடும் தாங்காது, ஐஸ் கட்டியும் தாங்காது.

பாவாடை நாடா கட்டுகிறீர்களா? இதை யாரும் கேட்பதில்லை. நாடா இறுகும் இடம் புதுத் தொப்புளுக்கும் மெலிந்த தோலுக்கும் நேராக வரும். புண் மூடும் வரை நைட்டி மட்டும் போடுங்கள். பெல்ட்டையும் இறுக்கினால் நல்லது என்று இறுக்காதீர்கள். உள்ளே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும், மடிப்பு விழுந்து புண்ணின் மேல் அழுந்தக் கூடாது. படுக்கும்போது முதுகுக்கும் முழங்காலுக்கு அடியிலும் தலையணை வைத்து இடுப்பை மடித்தே படுங்கள். தரையில் உட்கார்ந்து எழுவது, அரிசி மூட்டை நகர்த்துவது எல்லாம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம்.

கட்டு மாற்றும்போது பழைய காஸ் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், சலைனால் நனைத்துச் சில நிமிடம் விட்டு எடுங்கள். உள்ளே வைக்கும் காஸைத் திணிக்கக் கூடாது. பஞ்சு மாதிரித் தளர்வாக இருக்க வேண்டும், ஒரு முனை வெளியே தெரிய வேண்டும். எத்தனை துண்டு உள்ளே வைத்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி, மறுநாள் அத்தனையும் வெளியே வந்ததா என்று எண்ணிப் பாருங்கள். உள்ளே மறந்துபோன ஒரு சின்னத் துண்டினால் மாதக்கணக்கில் ஆறாமல் கிடந்த புண்ணை நான் என் கையால் சுத்தம் செய்திருக்கிறேன். உடைத்த சலைன் பாட்டிலை நாள் கடத்தி வைக்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பது சுத்தம் போலத் தெரியும், ஆனால் தினமும் ஊற்றினால் புதுச் சதையையும் அரித்துவிடும். மருத்துவர் சொல்லாமல் அதையும் மஞ்சளையும் உள்ளே போடாதீர்கள். குளியல் பற்றி உங்கள் மருத்துவரின் சொல்லே கடைசி. எதுவானாலும் கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் திறந்த புண்ணுக்குள் போகக் கூடாது.

கடைசியாக ஒரு கேள்வி, தவறாக நினைக்காதீர்கள். வெற்றிலை போடும் பழக்கம் உண்டா? அதில் புகையிலை சேர்ப்பீர்களா?

பதில்: பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், மதுரை

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் கிடைத்திருக்க வேண்டியது அந்த மருத்துவரின் அறையில். அது கிடைக்காமல் போனதற்கு வருந்துகிறேன்.

ஏன் சரியாக நடுவில்? வயிற்றுத் தோலுக்கு இரத்தம் முக்கியமாகத் தொப்புளைச் சுற்றித் தசையைத் துளைத்து மேலே வரும் குழாய்களிலிருந்து வருகிறது. தோலைத் தசையிலிருந்து பிரித்து மேலே விலா எலும்பு வரை தூக்கும்போது அவை அறுபடுகின்றன. கீழிருந்து வரும் குழாய்கள் அடிவயிற்றுக் கீறலில் போய்விடுகின்றன. மிஞ்சுவது விலா எலும்புகளுக்கு இடையிலிருந்தும் இடுப்பின் பக்கவாட்டிலிருந்தும் வரும் குழாய்கள் மட்டுமே. 1979-இல் ஹூகர் என்ற அறுவை மருத்துவர் இந்த இரத்த ஓட்டத்தை மூன்று மண்டலங்களாகப் பிரித்து விளக்கினார். அறுவைக்குப் பின் தோல் பிழைப்பது அந்த மூன்றாவது, பக்கவாட்டு மண்டலத்தை நம்பித்தான். உங்கள் பக்கத்துப் பாசனத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் மடை திறந்தாலும், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேர்வது கடைமடை வயலுக்கு. தொப்புளுக்குக் கீழே தையலின் நடுப்பகுதிதான் இந்தத் தோலின் கடைமடை. இழுவிசை அதிகம் விழுவதும் அதே இடத்தில்தான். பெருமளவு எடை குறைத்தவர்களுக்குத் தோலின் தரமும் புரதச் சத்தும் குறைந்திருக்க வாய்ப்பு உண்டு என்பதால் அவர்களிடம் இந்தச் சிக்கலை இன்னும் அதிகமாகப் பார்க்கிறோம்.

ஏன் தைக்கவில்லை? ஓரங்கள் இன்னும் இரத்தக் குறைவில் இருக்கின்றன, வீங்கியிருக்கின்றன, உள்ளே செத்த கொழுப்பு மிச்சம் இருக்கிறது. இப்போது இழுத்துத் தைத்தால் அந்த இழுவையே மிச்சமுள்ள ஓட்டத்தையும் நெரித்துவிடும். உள்ளே இருக்கும் கிருமிக்கு வெளியேறும் வழியும் அடைபட்டுப்போகும். செத்தது எது, பிழைத்தது எது என்று உடலே கோடு போடும் வரை பொறுத்து, செத்ததை நீக்கி, அடியிலிருந்து சதை வளர விடுவதே சரியான வழி. புண் பெரிதாக இருந்தால் எதிர்மறை அழுத்தம் கொடுக்கும் கருவியை நுரைப்பஞ்சோடு பொருத்துவோம். கசிவை உறிஞ்சி ஓரங்களை நெருக்க அது உதவும். உங்கள் அளவுக்கு அது தேவையா என்பதை நேரில்தான் முடிவு செய்ய வேண்டும். ஆறிய பிறகு தழும்பு அகலமாகவோ குழிந்தோ இருந்தால், ஓராண்டு கழித்துத் தோல் தளர்ந்த நிலையில் அதை வெட்டித் திருத்தலாம். அப்போது நன்றாகச் சேரும்.

குடல் வெளியே வருமா? வராது. சிசேரியனில் வயிற்றறையைத் திறக்கிறார்கள். இந்த அறுவையில் பொதுவாகத் திறப்பதில்லை. உங்கள் புண் தோலிலும் கொழுப்பிலும்தான் இருக்கிறது. அதற்கு அடியில் தசையின் மேலுறை முழுதாகத் தைக்கப்பட்டு இருக்கிறது. நீங்கள் தும்மலாம். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு தும்முங்கள், வலி குறையும். குடலிறக்கத்தையும் சேர்த்துச் சரிசெய்து வலை வைத்திருந்தால் மட்டும் கதை வேறு. புண்ணுக்குள் வலை தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

இருமியபோது வந்த இளஞ்சிவப்பு நீர், தோலுக்கும் தசைக்கும் நடுவே கோர்த்திருந்த நீராக இருக்கலாம். இந்த அறுவையில் மிக அதிகமாகக் காணும் சிக்கல் அதுதான். அதற்காகத்தான் குழாய் வைத்து, ஒரு நாளுக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கும் வரை காத்திருந்து எடுக்கிறோம். புரண்டு படுக்கும்போது வயிற்றுக்குள் தண்ணீர்ப் பை அசைவது போல இருந்தால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று பொருள். ஸ்கேன் செய்து ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடலாம். எடுக்காமல் விட்டால் புண் திறந்தபடியே கசிந்துகொண்டிருக்கும்.

உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலைகளையும் சொல்லிவிடுகிறேன். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், சுற்றியுள்ள சிவப்பு நாளுக்கு நாள் விரிவது, துர்நாற்றத்தோடு சீழ் ஆகியவை வந்தால் அன்றே காட்டுங்கள். புண்ணின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலியோடு, மணிக்கணக்கில் தோல் கருநீலமாகப் பரவினால் இரவானாலும் காத்திருக்காதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும் திடீர் மூச்சுத்திணறலும் காலில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனதன் அடையாளமாக இருக்கலாம். அதற்கு 108-ஐத்தான் அழைக்க வேண்டும். இன்னொன்று தாமதமாக வரும். புண் ஆறிய மாதிரித் தெரிந்து, பல வாரங்கள் கழித்துத் தழும்பு ஓரமாகச் சிறு கட்டிகள் தோன்றி, உடைந்து கசிந்து, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காமல் இருந்தால், காசநோய்க் கிருமியின் உறவான நீர்வாழ் கிருமிகளை நாங்கள் சந்தேகிப்போம். சாதாரணக் கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், அவை எளிதில் சிக்குவதில்லை. அதற்கென்று தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும், மருந்தும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரும் போர் தண்ணீரும் வேண்டாம் என்று செவிலியர் அம்மா சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

அவர் கடைசியில் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொல்லப்போகும் பதிலுக்காக நானும் காத்திருக்கிறேன்.

பதில்: உசிலம்பட்டி வாசகி

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. தும்மலாம் என்று டாக்டர் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

செவிலியர் அம்மா, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தெரியவில்லை. ஆமாம், பழக்கம் உண்டு. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு என் அம்மாச்சியோடு உட்கார்ந்து பழகியது. சாப்பிட்ட பிறகு வெற்றிலையோடு ஒரு கிள்ளு புகையிலை. ஒரு நாளைக்கு நான்கைந்து முறை இருக்கும். அறுவைக்கு முன் கொடுத்த தாளில் "சிகரெட் பழக்கம் உண்டா" என்று கேட்டிருந்தது. இல்லை என்று எழுதினேன். பொய் சொல்ல வேண்டும் என்று எழுதவில்லை. நான் சிகரெட் பிடிப்பதில்லை, அவ்வளவுதான் தோன்றியது. அறுவை முடிந்த மூன்றாம் நாளே வாய் கேட்டது என்று போட ஆரம்பித்துவிட்டேன். இதனால்தான் எனக்கு இப்படி ஆயிற்றா?

பதில்: பிளாஸ்டிக் அறுவை மருத்துவர், மதுரை

அம்மா, இதனால் மட்டும்தான் என்று யாராலும் சொல்ல முடியாது. புகையிலையே தொடாதவர்களுக்கும் அந்தக் கடைமடை காய்ந்திருக்கிறது. ஆனால் நிகோட்டின் புகையாக வந்தாலும் எச்சிலோடு இறங்கினாலும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கத்தான் செய்யும். தண்ணீர் குறைவான காலத்தில் மடையையும் பாதி மூடினால் என்ன ஆகுமோ அதுதான் தோலுக்கும் ஆகும். அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரம் முன்பும் நான்கு வாரம் பின்பும் நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். சிகரெட் பற்றி மட்டும் கேட்டு, வெற்றிலையைப் பற்றிக் கேட்காமல் விட்டது எங்கள் தாளின் குறை. நம் ஊர்ப் பெண்களிடம் அந்தக் கேள்வியை வாயால் கேட்க வேண்டும், நானும் இனி கேட்பேன்.

இன்றே நிறுத்துங்கள். நிகோட்டின் மெல்லும் மிட்டாயும் இப்போது வேண்டாம், அதிலும் அதே பொருள்தான். தனியாக நிறுத்த முடியாவிட்டால் 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். உங்கள் அறுவை மருத்துவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. இனி அந்தத் தோலில் எதை, எப்போது வெட்டுவது என்பதை இதை வைத்துத்தான் அவர் முடிவு செய்ய வேண்டும்.

பதில்: ஓய்வுபெற்ற செவிலியர், கோரிப்பாளையம்

கண்டுபிடித்தது ஒன்றுமில்லை அம்மா. கட்டிலுக்கு அடியில் கோளாம்பி வைத்திருந்த பெண்கள் எத்தனையோ பேரை வார்டில் பார்த்திருக்கிறேன். வாய் கேட்கும்போது ஒரு கிராம்போ, வறுத்த சோம்போ போட்டுக்கொள்ளுங்கள். நீங்களே கடையில் விற்கிறவர். புகையிலை டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டாம், வேறு அலமாரிக்கு மாற்றச் சொல்லுங்கள்.

பதில்: உசிலம்பட்டி வாசகி (ஆறு வாரங்களுக்குப் பிறகு)

விட்ட இடத்திலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். மருத்துவரிடம் புகையிலையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு முதன்முறையாக உட்காரவைத்து விளக்கினார். ஸ்கேனில் இடப்பக்கம் நீர் கோர்த்திருந்தது தெரிந்து, இரண்டு முறை ஊசியால் எடுத்தார்கள். முதல்முறை 60 மில்லி, இரண்டாம் முறை 15. அதன் பிறகு கசிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. மஞ்சள் படலம் போய், வண்டியூர்த் தங்கை எழுதியது போலவே மாதுளை முத்தாகச் சிவந்தது. 5 சென்டிமீட்டராக இருந்த திறப்பு இப்போது ஒன்றரைதான். ஆழம் ஒரு அரிசி அளவு. நடுவில் ஒருநாள் தழும்பின் வலது ஓரத்தில் கொப்புளம் போல வந்து பயந்துபோனேன். உள்ளே கரையாமல் நின்ற தையல் நூலின் முடிச்சு வெளியே வருகிறது என்று சொல்லி இடுக்கியால் எடுத்துவிட்டார்கள்.

புகையிலையை நிறுத்தி 40 நாட்கள் ஆகின்றன. நடுவில் இரண்டு முறை தவறினேன், அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டேன். மாமியாருக்கு இந்தப் பதில்களை என் மகள் வாசித்துக் காட்டினாள். மறுநாளே அத்தை அயிரை மீன் வாங்கிவரச் சொல்லி அவரே குழம்பு வைத்தார். "சீழ் பிடித்தால் என்னைக் கேட்காதே" என்று ஒருமுறை சொன்னார். பிறகு தினமும் முட்டையை அவரே உரித்துத் தருகிறார். கடைக்கு மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் போகிறேன், நைட்டியோடுதான்.

நேற்று புண்ணுக்குள் ஒரே ஒரு காஸ் துண்டுதான் போனது. நோட்டில் "1" என்று எழுதி வைத்திருக்கிறேன்.